விரல் போகாத கண்ணி

நெசவாளிக்கு நெருக்கம்தான் மானம். சேலையை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், இழைக்கும் இழைக்கும் நடுவில் ஓட்டை தெரியக் கூடாது. தெரிந்தால், அதை நெய்தவன் காஞ்சிபுரத்தில் நாலு பேரோடு நின்று டீ குடிக்க முடியாது. முப்பது வருடமாகத் தறிக்குழியில் கால் வைத்திருக்கும் எனக்கு இதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாது என்பதைப் போன வருடம் ஒரு மீன்வலை நிரூபித்தது.

கல்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தச் சேலை சொல்ல வந்தவர், தறியைப் பார்த்துக்கொண்டே அரை நாள் உட்கார்ந்துவிட்டார். “நீங்களும் நூலு, நானும் நூலு அண்ணே” என்றார். சேலை போய்விட்டது, சிநேகம் தங்கிவிட்டது. ஒரு ஃபைபர் படகு, பல தடவை ஒட்டுப்போட்ட ஒரு வலை. அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவது அவ்வளவுதான்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிற நேரத்தில் அவருக்குக் கால் பிசகியது. நான் சேலை கொடுக்கச் சென்னை போவது தெரிந்து, புது வலை வாங்கிவரச் சொன்னார். கண்ணி, அதாவது வலையின் ஓட்டை, எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். கடையில் அந்த அளவை எடுத்து விரித்தார்கள். எனக்கு உடம்பே கூசிவிட்டது. வலையா அது, வெறும் பொத்தல். பக்கத்திலேயே இன்னொன்று, கிட்டத்தட்ட துணி மாதிரி, அவ்வளவு நெருக்கம்.

“அதைக் கொடுங்க” என்றேன்.

“அது குட்டையில மீன் வளக்கறவங்களுக்கு சார். கடலுக்கு வேணாம்.”

நெசவாளிக்கே நூல் பாடமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு அதையே அளந்து வெட்டிக் கட்டச் சொன்னேன்.

குப்பத்தில் கூட்டாளி வலையை மடியில் போட்டு, ஒரு கண்ணியில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. “நல்லா நெருக்கமாத்தான் இருக்குது அண்ணே” என்றார். ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் எனக்கு நெஞ்சு விரிந்தே இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெரு முனையில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரம்மா செதில் சீவிக்கொண்டே சொன்னார்: “கரையில சோதனையாம்பா. சின்னக் கண்ணி வலையெல்லாம் புடுங்கிக்கினு போறாங்களாம். படகையும் கட்டிப் போட்டுடறாங்களாம்.”

“சின்னக் கண்ணின்னா எவ்ளோ சின்னதுமா?”

“விரலு போவாதது. அத்த வுட்டா குஞ்சு குளுவான்லாம் வாரிக்கினு வந்துடும். அப்பறம் கடல்ல இன்னா இருக்கும்? உப்புதான் இருக்கும்.”

அந்த விரல் என் கண் முன்னால் வந்து நின்றது. மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். கூட்டாளிக்குப் போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கடலில் இருப்பார் என்று அறிவு சொன்னது. ஸ்டேஷனில் இருக்கிறார் என்று வயிறு சொன்னது. நான் எப்போதும் வயிற்றின் பேச்சைக் கேட்கிறவன். கடை வாசலில் வலையோடு எடுத்துக்கொண்ட போட்டோவை அழித்தேன். பிறகு, அழித்ததே குற்றமாகிவிடுமோ என்று திரும்ப எடுத்து வைத்தேன்.

“ஜாமீனுக்கு யாரக் கூப்புடறது?” என்று மனைவியைக் கேட்டேன்.

“மொதல்ல மீன் எங்க?” என்றாள். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இங்க உக்காந்துக்கினு வேர்த்துக் கொட்டாத. போய்ப் பாரு.”

செங்கல்பட்டில் பஸ் மாறிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, நான் பயந்த மாதிரியே ஜீப் நின்றது. சட்டென்று ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்தேன். என் தொப்பை ஒளியவில்லை. கூட்டாளி ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்க, ஓர் அதிகாரி அவருடைய வலையை அளந்துகொண்டிருந்தார். பழைய வலை. அளவு சரியாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அதிகாரி நிமிர்ந்தார். “அது இன்னா?”

கூட்டாளியின் மனைவி கருவாடு காயப்போட்டிருந்த பந்தலின் மேல், கடைச் சீட்டுகூடக் கிழிக்காமல், என் வலை.

“காக்காவுக்கு சார், கருவாட்டத் தூக்கிடுது” என்றார் கூட்டாளி.

“காக்காவுக்கு யாருய்யா புது வலை வாங்குவான்? அடுத்த வாரம் கடல்ல கெடக்கும். ஏத்துய்யா ஜீப்புல. படகு நம்பரையும் எழுது.”

வாங்கியது யார் என்று கூட்டாளி காட்டிக்கொடுக்கவில்லை. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“நான்தான் சார் வாங்கினேன்.”

எல்லோரும் என் தொப்பையின் பக்கம் திரும்பினார்கள். நெசவு, சேலை, வெளிச்சம், மானம் என்று ஏதேதோ உளறினேன். அதிகாரி கேட்டுக்கொண்டே போய், வலையை மோந்து பார்த்தார், கசக்கிப் பார்த்தார். தண்ணீர் படாத வலை.

“பந்தலோடவே இருக்கட்டும். தண்ணியில பாத்தேன், படகு போயிடும்” என்றார். என்னிடம், “நீங்க சேலையோட நிறுத்திக்குங்க.”

ஜீப் போனதும் கூட்டாளியைக் கேட்டேன். “அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“புது மாப்ள மாதிரி நெஞ்ச நிமித்திக்கினு நின்னீங்க. எப்பிடிண்ணே சொல்றது?”

“மாத்திக்கினு வந்திருப்பேனே.”

“வெட்டிக் குடுத்தத எவன் திருப்பி எடுப்பான்?”

அந்தப் பழைய வலையில் ஒட்டுப் பிரிந்து, கை நுழைகிற கிழிசல்கள் இருந்தன. சீசனின் முதல் மூன்று வாரமும் வந்த மீனில் பாதி அவற்றின் வழியாகவே போயிருக்கிறது. பக்கத்துப் படகுகள் கூடை கூடையாக இறக்கியபோது, இவர் வீட்டுக்கு ஒரு கூடை. இதை அவர் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கரைக்குப் போய் அவருடைய வலையைத் தைக்கிறேன். என் கைக்கு இன்னும் புத்தி வரவில்லை; முடிச்சுப் போடப் போட, இழை தானாக நெருங்கிக்கொண்டு போகிறது. நாலு கண்ணிக்கு ஒரு தரம் கூட்டாளி வந்து விரலை விடுவார். போகாவிட்டால் பேசாமல் கத்தியை எடுத்து அறுத்துவிடுவார். முப்பது வருடத்தில் எத்தனையோ முதலாளிகளிடம் சேலையை விரித்துக் காட்டியிருக்கிறேன். அந்த விரல் வரும்போது அடித்துக்கொள்கிற மாதிரி நெஞ்சு எங்கேயும் அடித்துக்கொண்டதில்லை.

போன வாரம் நாலில் மூன்று கண்ணியில் விரல் போனது.