கம்ப்யூட்டர் கையில் கொடுத்த ஃபேன்

கார் எலக்ட்ரீஷியன் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: மற்ற மெக்கானிக்குகள் பழுதைக் கண்ணால் பார்த்துவிடலாம், நாமோ வயருக்குள் என்ன ஓடுகிறது என்று நினைத்து நினைத்தே பாதி ஆயுளைக் கழிக்க வேண்டும். வெயிலில் வண்டி ஓட்டும்போது ரோட்டைப் பார்க்காமல் டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டு போகிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். கேளுங்கள்.

டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச்

கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய், சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் தன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ரேடியேட்டர் கொதித்துத் தண்ணீரெல்லாம் வெளியே வந்திருந்தது. இன்ஜின் தப்பியதே பெரிய விஷயம். குனிந்து பார்த்தால் விவகாரம் புரிந்தது. அந்த வண்டியில் சூடு ஏறியதும் ஃபேனைப் போடுவதும் ஆறியதும் நிறுத்துவதும் இன்ஜின் கம்ப்யூட்டரின் வேலை. முன்பு எப்போதோ கோளாறு வந்தபோது யாரோ அந்த வயரை வெட்டிவிட்டு, டேஷ்போர்டில் ஒரு சுவிட்சை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை பாய் கையால் போட வேண்டும். அன்று எட்டயபுரத்திலிருந்து திரும்பும்போது மறந்துவிட்டார்.

மறந்ததற்குக் காரணம் இருந்தது. மகள் நசீமாவுக்கு நிறைமாதம். மருமகனுக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. அந்த வாரத்துக்குள் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வர வேண்டும். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மண்டைக்குள்ள அவ நெனப்புதான் ஓடுது தம்பி, இதுல சுவிட்ச எங்கன ஞாபகம் வைக்க? கம்ப்யூட்டர்கிட்டயே குடுத்துருங்க, அதுக்குப் புள்ளகுட்டி கெடையாது."

ஒரே நிறத்தில் இரண்டு வயர்

கம்ப்யூட்டர் நேரடியாக ஃபேனை ஓட்டாது. ரிலே என்கிற சின்னப் பெட்டிக்கு உத்தரவு மட்டும் கொடுக்கும். ஃபேன் இழுக்கிற கரண்டையெல்லாம் ரிலேதான் தாங்கும். கம்ப்யூட்டரிலிருந்து ரிலேக்கு வரவேண்டிய மெல்லிய வயரைத் தேடினேன். வெட்டுப்பட்ட முனைகள் இரண்டு கிடைத்தன. இரண்டும் சூட்டில் வெளுத்து ஒரே நிறம். ஒன்று ஃபேனுக்கு உரியது, மற்றது எதற்கென்று தெரியவில்லை. ஆளை மாற்றிப் பிடித்து அதில் பேட்டரி கரண்ட் ஏறினால் கம்ப்யூட்டர் காலி. வேறொன்று மதுரையிலிருந்து வரவேண்டும். அது வருவதற்குள் குழந்தை வந்துவிடும்.

பேட்டரியைக் கழற்றினேன். கம்ப்யூட்டரின் பிளக்கை உருவி, போனில் இருந்த வயரிங் படத்தைப் பார்த்து ஃபேனுக்கு உரிய பின்னை எண்ணி, மீட்டரின் ஒரு முனையை அங்கேயும் மறுமுனையை ஒரு வயரிலும் வைத்தேன். 'கீ' என்றது, இதுதான் ஃபேன் வயர் என்று அர்த்தம். சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. மறுபடி பின்னை எண்ணி, மறுபடி வைத்தேன். கை வேர்த்து மீட்டர் வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். பக்கத்துக் கடையில் ரேடியேட்டர் வேலை பார்க்கும் மாரிச்சாமி டீ கிளாசோடு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏலே, அந்த மீட்டரே 'சரிதாம்லே, விடுலே'ன்னுதான் கத்துது!"

ஓடியது, ஆறவில்லை

பழைய ஃபேன் மோட்டாரும் தேய்ந்துபோய்த் திணறியதால், வேறொரு காரில் இருந்து கழற்றிய ஃபேன் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தேன். வயரை ரிலேயோடு முறுக்கி முடித்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சூட்டை எண்ணில் காட்டும் ஸ்கேனரை மாட்டிவிட்டுக் காத்திருந்தோம். எண் ஏறியது. 'டக்' என்று ரிலே தட்டியது, ஃபேன் தானாகச் சுற்றியது. பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நானும் கையைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் எண் இறங்கவில்லை. ஃபேன் இரைகிறது, சூடு ஏறிக்கொண்டே போகிறது. இன்ஜினை நிறுத்தினேன். சென்சார் பொய் சொல்கிறதா, கம்ப்யூட்டருக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று ஒன்றும் ஓடவில்லை. பாய் என் முகத்தையே பார்க்கிறார். வண்டி கொஞ்சம் ஆறியதும் திரும்ப ஸ்டார்ட் செய்யச் சொன்ன மாரிச்சாமி, ஃபேன் ஓடும்போது ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பழைய பேப்பரைப் பிடித்தான். ஒழுங்கான ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும், பேப்பர் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ளும். அதுவோ அவன் முகத்தில் வந்து அறைந்தது. கழற்றி வந்த ஃபேனின் பிளக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருந்ததால் ஃபேன் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. மாற்றிக் கொடுத்ததும் எண் மளமளவென்று இறங்கியது. மாரிச்சாமி பேப்பரைக் கசக்கிப் போட்டான். "இம்புட்டு நேரமும் வெக்கைய ஊருக்குள்ள தள்ளியிருக்கு, ஏற்கெனவே நம்மூருக்கு வெக்க காணாது பாரு!"

கேட் போட்ட இடத்தில்

"வழியில நின்னா நான் என்ன செய்வேன், நீங்களும் வாங்க" என்று பாய் என்னையும் மணியாச்சிக்குக் கூட்டிப் போனார். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது பின்சீட்டில் நசீமா, காலையிலிருந்தே இடுப்பு வலி என்றாள். கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம், ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடக்கிறது, ஒதுங்க ஒரு மரம் இல்லை. ஒரு ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை, இன்னொன்று வருகிறதாம். சூடு ஏறிவிடும் என்று பயந்து பாய் ஏசியை நிறுத்திவிட்டார். "வாப்பா, மூச்சு முட்டுது, அதப் போடுங்க" என்றாள் நசீமா.

என் மடியில் ஸ்கேனர். எண் ஒவ்வொன்றாக ஏறியது. எந்த எண்ணில் ஃபேன் ஓட ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது நெருங்க நெருங்க, பாய் பார்த்துவிடாதபடி ஸ்கேனரைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். நான் முறுக்கிய ஒவ்வொரு வயரும் கண்ணுக்குள் வந்து போயிற்று. 'டக்.' ஃபேன் இரைந்தது. எண் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இறங்கியது. "ஏசியப் போடுங்க பாய்" என்றேன். சட்டைக் கையால் முகத்து வேர்வையை வழித்துவிட்டேன்.

கேட் திறந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கே போனோம். மறுநாள் காலையில் பெண் குழந்தை, இருவரும் நலம். பார்க்கப் போனேன். நசீமா குழந்தையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுச் சிரித்தாள். "வலி எனக்கு வந்துச்சு, வேர்த்து ஊத்துனது என்னவோ ஒங்களுக்குத்தாண்ணே!"

இந்தத் தொழிலில் வேலை சரியாக முடிந்ததற்கு அடையாளம் வண்டிக்கு ஒன்றுமே ஆகாமல் இருப்பதுதான், ஆனால் அந்த ஒன்றுமே ஆகாத நேரத்தில்தான் நமக்கு எல்லாமே ஆகிவிடுகிறது.