சிகரெட் பெட்டிக்குள் இருந்த நடிகைகள்

காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அப்பா சிகரெட் பிடிப்பார். இந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், அவர் பரம யோக்கியர். ஆபீஸ் விட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறும்போதே வாயில் இரண்டு கிராம்பைப் போட்டுக்கொள்வார். வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் கணக்கில் காப்பி குடிப்பதே பாதிப் பாவம்.

துவைக்கப் போட்ட அப்பாவின் சட்டைப் பையில்தான் முதல் அட்டையை எடுத்தேன். சிகரெட் பெட்டிக்குள் இனாமாக வைத்துத் தருவது. ஒரு பக்கம் தலையில் ரோஜா வைத்த நடிகை, மறுபக்கம் சிகரெட் விளம்பரம். அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாதேம்மா. நீயே வெச்சுக்கோ" என்றார். பிறகு புது நடிகை கிடைத்தபோதெல்லாம் எனக்குத்தான். பதினான்கு பேர் சேர்ந்தார்கள். அப்பாவும் நானும் ஒரு கட்சி என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்போது நாலாவது ஃபாரம், இந்தக் காலத்து ஒன்பதாம் வகுப்பு, படித்தேன். வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருவேன். டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா என் பூகோளப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். நடிகைகள் பொலபொலவென்று அவர் காலடியில் விழுந்தார்கள். ஒன்றைத் திருப்பி விளம்பரத்தைப் படித்தார்.

"சிகரெட் குடிக்கற பயலோட சகவாசமா? எவன் குடுத்தான், சொல்லு. இல்லேன்னா இன்னியோட படிப்பு நின்னுது."

பையன்கள் பெண்களுக்கு இந்த அட்டைகளைக் கொடுப்பது ஊரறிந்த விஷயம். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு நாலு நாள் ஏச்சு, எனக்குப் படிப்பு. அவர் பேப்பரை நிதானமாக மடித்துவிட்டு, "பெரியப்பா கேக்கறார் இல்லையா, பதில் சொல்லும்மா" என்றார்.

நான் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற அசட்டு வீம்பு. எப்படியும் சாயங்காலத்துக்குள் அவரே சொல்லிவிடுவார் என்று நம்பினேன். மூன்றாம் நாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, அப்பாவே ஸ்கூலுக்குப் போய் என் சர்டிபிகேட்டை வாங்கி வந்தார். பெரியப்பாவைக்கூட மன்னித்துவிட்டேன், அவர் நம்பியதை அவர் செய்தார். அப்பாவை மன்னிக்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பெண் பார்க்க வந்தவர்கள், ஏன் படிப்பை நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார்கள். நான் காப்பித் தட்டோடு எதிரில் நின்றிருந்தேன். அப்பா கொஞ்சமும் தடுமாறவில்லை.

"நாங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அவளுக்கே படிப்புல இஷ்டமில்லை."