ரசம் மட்டும் போதும், அக்கா

விடுதியில் மெஸ் நடத்துகிறவர்களுக்கு இரண்டு வகைக் கஷ்டம் உண்டு: பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் திட்டுவது ஒன்று, சாப்பிடாமலே புகழ்வது இன்னொன்று.

முதலாவது பழகிவிடும். சாம்பாரில் தண்ணீர், தோசையில் ஓட்டை என்பதெல்லாம் எந்த விடுதியிலும் கேட்கிற பாட்டுதான். இரண்டாவது கஷ்டத்தை நான் போன வருஷம்தான் பார்த்தேன். தஞ்சாவூரில் கல்லூரிப் பெண்கள் தங்குகிற ஒரு தனியார் விடுதியில் சமையல் பொறுப்பு என்னுடையது. பிள்ளைகளுக்கு நான் மெஸ் அக்கா. என் வயதுக்கு அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். அக்கா என்கிறார்களே என்ற சந்தோஷத்தில் இன்னொரு வடை வைத்துவிடுவேன். எந்த ஊரிலாவது கரண்டியும் கையுமாக நிற்கிற என் இனத்தார் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்பு

ஞாயிறு மதியம் என்றால் எங்கள் மெஸ்ஸில் அடுப்பே கொஞ்சம் மிடுக்காக எரியும். அன்றைக்கு வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், தக்காளி ரசம். அரிசி, குத்தாலம் பக்கத்துப் பொன்னி. எங்கள் விடுதியிலேயே தங்கிப் படிக்கிற தரணியின் அப்பா விளைவித்து அரைத்துக் கொண்டுவந்து போடுகிறார். பெண்ணைச் சேர்க்க வந்த அன்றே ருசி பார்க்க ஒரு பை கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் வேறு அரிசி வாங்கியதில்லை.

ஒரு மேசையில் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர் முன்னாலும் தட்டு இல்லை, டம்ளர்தான் இருந்தது. "ரசம் மட்டும் போதும், அக்கா" என்றாள் ஜெனிபர். அவள்தான் அந்த ஐவரின் தலைவி. கல்லூரிகளுக்கு இடையே நடனப் போட்டி வருகிறதாம், இவர்கள் கொரியப் பாட்டுப் பெண்களைப் போல ஆடப் போகிறார்களாம், அதற்கு இடுப்பு வேண்டுமாம். இருக்கிற இடுப்புக்கு என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வத்தக்குழம்பில் ஏதாவது தப்பா என்று ஐவரில் ஒருத்தியான தரணியைப் பார்த்துக் கேட்டேன். அவள் பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெதுவாகச் சொன்னாள்: "சோறு நல்லாருக்குக்கா. அதான் பிரச்சன."

மூஞ்சிக்கு ஒரு ஆள்

அடுத்த நாள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஐந்து கொரியப் பெண்கள், ஐந்து பேருக்கும் ஒரே தாடை, ஒரே மூக்கு, ஒரே இடுப்பு. என்னோடு சமைக்கிற கோமதி, பூண்டு உரித்தபடியே வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒரே வயிற்றுப் பிள்ளைகளா என்று கேட்டாள். ஜெனிபர் சிரித்துவிட்டு விளக்கினாள். அந்தக் குழுவில் ஒவ்வொருத்திக்கும் ஒரு பொறுப்பு உண்டாம். ஒருத்தி பாட, ஒருத்தி ஆட, ஒருத்தி வேகமாகப் பேசிப் பாட. அழகான முகத்துக்கென்றே ஒருத்தி. அந்த முகக்காரிதான் எப்போதும் நடுவில் நிற்பாளாம்.

எங்கள் பிள்ளைகளின் குழுவில் நடு இடம் தரணிக்கு. ஆட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் நாற்றுக்கட்டு தூக்கி வளர்ந்த தோள், உப்பிய கன்னம், நல்ல கறுப்பு. அதனால் நடு இடம் உனக்குத்தான், ஆனால் போட்டிக்குள் இளைக்க வேண்டும், வெளுக்க வேண்டும் என்று நிபந்தனை. இளைக்கச் சொன்னால் கூடப் பரவாயில்லை, வெளுக்க எங்கே போவாள்? கோமதிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் இன்னும் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். "ஒருத்தி மூஞ்சிக்குன்னா, மத்த நாலு பேருக்கும் மூஞ்சிய எதுக்குக் குடுத்தாரு கடவுளு?"

கூரியரில் வந்த கழுநீர்

வெளுப்பதற்கு ஒரு பாட்டில் வந்தது. உள்ளங்கை அளவு கண்ணாடிப் பாட்டில், விலை கேட்டால் மயக்கம் வரும். அதில் என்ன இருக்கிறது என்று ஜெனிபரிடம் கேட்டேன். அரிசி கழுவின தண்ணீராம், கொரியாவில் முகத்துக்குப் பூசுவார்களாம். என் மெஸ்ஸில் தினமும் இரண்டு அண்டா கழுநீர் சேரும். பக்கத்துத் தெருக் கலியபெருமாள் காலையில் வாளியோடு வந்து மாட்டுக்கு எடுத்துப் போவார். அன்றைக்கு அவரும் அங்கே நின்றிருந்தார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எங்க லட்சுமி கன்னுக்குட்டியா இருக்கறப்பலேர்ந்து இதத்தான் குடிக்கிறா. இன்னும் கறுப்பாத்தான் இருக்கா, பாப்பா."

திருவையாற்று அம்மாவின் விண்ணப்பம்

ஜெனிபரின் அம்மா திருவையாற்றிலிருந்து பெண்ணைப் பார்க்க வந்திருந்தார். பேச்சு கொரியப் பெண்களைப் பற்றி ஓடியது. ஜெனிபர் கதை கதையாகச் சொன்னாள். சின்ன வயதிலேயே ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட வேண்டும். காலையில் தொடங்கினால் பாட்டு, ஆட்டம், பாஷை, திரும்ப ஆட்டம். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேட்காமல் வெளியே போகக் கூடாது. வாரந்தோறும் எடை பார்ப்பார்கள், ஏறியிருந்தால் எல்லார் முன்னாலும் சொல்வார்கள். சிரிக்கச் சொன்னால் சிரிக்க வேண்டும். காதல் கூடவே கூடாது. அப்படியும் ஒருத்தி காதலித்துவிட்டாள், ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள், பாவம் அந்தப் பெண் தன் கைப்பட மன்னிப்பு எழுதிப் போட்டாள்.

மேடையில் அத்தனை வெளிச்சத்தில் நிற்கிற பெண்ணுக்கு, பிடித்தவனைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல உரிமை இல்லையா? ஜெனிபரின் அம்மாவும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்கூடக் கலங்கியது போலிருந்தது. ஜெனிபர் கை கழுவ எழுந்து போனதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏங்க, அந்தக் கம்பெனியில நம்ம ஊருப் பொண்ணுங்களச் சேத்துக்குவாங்களா?"

கொரியக் கொழுக்கட்டை

ஒரு மேசையில் தொடங்கிய ரச விரதம் பாதி விடுதிக்குப் பரவிவிட்டது. வடித்த சோறு அப்படியே இருந்தது. நான் தோற்கிற ஆள் இல்லை. கோமதியின் மகனுடைய போனில் தேடிப் பார்த்தேன். பார்த்தால் கொரியாக்காரர்கள் நம்மைவிடச் சோற்றுப் பைத்தியம். சோற்றைச் சுருட்டித் தின்கிறார்கள், அரிசி மாவை உருட்டி வேகவைத்துக் காரக் குழம்பில் போட்டுத் தின்கிறார்கள். இது நம் அம்மிணிக் கொழுக்கட்டைதானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மாவைக் கிளறி, விரல் நீளத்துக்கு உருட்டி, ஆவியில் வேகவைத்து, மிளகாயும் தக்காளியும் துளி வெல்லமும் சேர்த்த சிவப்புக் குழம்பில் போட்டு, மேலே எள்ளைத் தூவி வைத்தேன்.

"டொக்பொக்கி" என்று அதன் கொரியப் பெயரைச் சொல்லி ஜெனிபர் அலறினாள். வரிசை கட்டி நின்றார்கள். நேற்று வரை அரிசியைப் பார்த்து ஓடியவர்கள் குழம்பை வழித்து நக்கினார்கள். எனக்கும் கோமதிக்கும் தலைகால் புரியவில்லை. தரணி மட்டும் ஒன்றை எடுத்து, பாதி கடித்து, வாயிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பிறகு மீதியைத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "இது அப்பாவோட அரிசிக்கா. ஒண்ணு தின்னா நிறுத்த முடியாது."

படத்திலிருந்த நடுப்பெண்

கொழுக்கட்டை ஒருநாள் கூத்தோடு சரி, மறுநாளே மறுபடி ரச விரதம். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் ஐந்து பேரும் அழுத கண்ணோடு வந்தார்கள். சுவரில் இருந்த படத்தில் நடுவில் நிற்கிறாளே, அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, ஓய்வில் இருக்கிறாள் என்று அவளுடைய கம்பெனி அறிவித்துவிட்டதாம். ஜெனிபர் அவளுடைய பழைய படங்களைக் காட்டினாள். முதலில் வந்தபோது கன்னம் இரண்டும் பணியாரம் போல இருந்திருக்கிறது. ரசிகர்கள் அதைக் கிண்டல் பண்ணி எழுதியிருக்கிறார்கள். அடுத்தடுத்த படங்களில் கன்னம் குறைந்துகொண்டே வருகிறது. கடைசிப் படத்தில் கண்ணும் பல்லும்தான் இருந்தன.

நான் அந்தப் படங்களைப் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏனென்றால் தலையைத் தூக்கினால் எதிரே தரணி நிற்கிறாள், அவள் கன்னமும் அதே வரிசையில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் ஒத்திகையில் கண் இருட்டிச் சுவரைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். போதும் தரணி, விட்டுவிடு, உன் அப்பாவுக்குப் போன் போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. அந்தக் கொரியப் பெண் குணமாகித் திரும்பி வந்துவிடுவாள் இல்லையா என்று, எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "வந்துருவாக்கா. வரலன்னா நடுவுல வேற ஒருத்திய நிக்க வெச்சுருவாங்க."

அரிசிக்காரர் வெறுங்கையோடு வந்தார்

எங்கள் ஸ்டோர் அறையில் மூட்டை நிறுக்கிற எடை மெஷின் ஒன்று உண்டு. விடுதியில் வேறு எடை மெஷின் கிடையாது. ஆகவே ஐவரும் அதன் மேல்தான் ஏறி ஏறி இறங்குவார்கள். ஒரு காலை தரணி ஏறி நிற்கிறாள், பின்னால் ஜெனிபர் எட்டிப் பார்க்கிறாள். அப்போது மெஸ் வாசலில் தரணியின் அப்பா வந்து நின்றார். கையில் மூட்டை இல்லை. "என்ன தங்கச்சி, இந்தத் தடவ அரிசி கேட்டுப் போனே வரல? அரிசில ஏதும் கொறையா? கல்லு கில்லு கெடந்துச்சா?" என்றார். நல்ல மனுஷர், முகம் வாடியிருந்தது. குறையெல்லாம் இல்லை அண்ணே என்று நான் இழுப்பதற்குள் மூட்டைகளைப் பார்க்க நேராக ஸ்டோர் அறைக்குள் போய்விட்டார்.

போனவர், போன தடவை போட்ட மூட்டைகள் அப்படியே அடுக்கியிருப்பதைப் பார்த்தார். மெஷின் மேல் நின்ற பெண்ணைப் பார்த்தார். பிறகு மெஷினில் எரிந்த எண்ணைப் பார்த்தார். நெல் கொள்முதல் நிலையத்தில் வருஷா வருஷம் நின்று பழகிய கண் அது, முகத்தைவிட எண்ணை நன்றாகப் படிக்கும். மகள் அங்கே பிடிக்கிற நாற்பது கிலோ நெல் மூட்டையைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்று ஜெனிபர் திக்கித் திணறிச் சொன்னாள். நடு இடம், இடுப்பு, எடை, எல்லாம்.

கத்தப் போகிறார் என்று நான் பயந்தேன். கத்தவில்லை. தன் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் நனைந்திருந்தது. மகளைப் பார்த்து, சண்டைக்கு இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலக் கேட்டார்: "நெல்லுன்னா ஈரம் இருக்கு, பதர் இருக்கு, சாக்கு எடைன்னு சொல்லிக் கழிப்பாங்க. நானும் வாயத் தொறக்காம வந்துருவேன். ஒன்ன எதச் சொல்லிக் கழிச்சாங்க, பாப்பா?"

போட்டி முடிந்த சாயங்காலம்

அந்தக் கேள்வியைக் கேட்டதும் தரணி மெஷினை விட்டு இறங்கினாள். அப்பா பஸ் ஏறிப் போன பிறகு, சாப்பாட்டுக் கூடத்தில் ஐந்து பேரும் இருக்கும்போது சொன்னாள். நடுவில் நான்தான் நிற்பேன், வெளுக்க எதையும் பூச மாட்டேன், சாப்பிட்டுவிட்டுத்தான் ஆடுவேன், இஷ்டமில்லை என்றால் வேறு ஆள் பாருங்கள் என்றாள். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெனிபர் முன்னாலிருந்த டம்ளரைத் தள்ளி வைத்தாள். பிறகு எழுந்துபோய்த் தட்டு எடுத்து வந்தாள். ஐந்து தட்டு.

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. ஆட்டம் அருமை, ஆனால் நடுவில் நின்ற பெண்ணுக்குக் கொரிய முகம் அமையவில்லை என்று ஒரு நடுவர் சொன்னாராம். கொரிய முகத்தை இவர் குத்தாலத்தில் எங்கே போய்த் தேடுவார்? பிள்ளைகள் அழுதுகொண்டு வருவார்கள் என்று நினைத்துப் பாயசம் வைத்திருந்தேன். ஆனால் வேனிலிருந்து இறங்கும்போதே நடுவரைப் போல நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள், நேராகப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்ற மேசைகளும் தட்டை நீட்டின. எனக்கும் கோமதிக்கும் ஒரு பருக்கைகூட மிஞ்சும் என்று தோன்றவில்லை. பானையைச் சுரண்டிக்கொண்டே கடைசிச் சுற்றாகத் தரணியின் தட்டில் ரசத்தைச் சாய்க்கப் போனேன். அவள் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள். "ரசம் போதும்க்கா. சோறு வைங்க."

மறுநாள் காலையிலேயே தோசையில் ஓட்டை இருக்கிறது என்று தரணி தலைமையில் புகார் வந்தது, அதைக் கேட்டு மெஸ்ஸுக்குப் பின்னால் போய் ஆனந்தக் கண்ணீர் விட்ட சமையல்காரி இந்தத் தஞ்சாவூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.