முறைத் தண்ணீர் குடித்த இன்ஜின்

எட்டு வயதில் எனக்குக் குலதெய்வம் எல்லாம் அப்புறம்தான். முதல் தெய்வம் காலையில் வருகிற கரி இன்ஜின். வேதாரண்யத்து உப்பு வேகன்களையும் கொஞ்சம் ஜனங்களையும் இழுத்துக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டபடி எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குள் அது நுழைகிற அழகு இருக்கிறதே, அடேயப்பா! இப்போது வருகிறதெல்லாம் ஒரு ரயிலா? வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. அந்த இன்ஜின் வந்தால் தரை அதிரும். கரியும் எண்ணெயும் வெந்நீரும் கலந்து ஒரு வாசனை வரும். அதை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன்.

அந்த ரயிலில் அன்றைக்கு என் அக்கா ஏறினாள். தஞ்சாவூரில் டீச்சர் டிரெயினிங்குக்கு இன்டர்வியூ. திருவாரூரில் இறங்கி வேறு ரயில் பிடித்து, மத்தியானத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பாவுக்கு இதில் துளிகூட இஷ்டமில்லை. அத்தை மகனுக்கு என்று அவளை எப்போதோ பேசி வைத்திருந்தார். அக்கா சாப்பிடாமல் கிடந்து பண்ணிய அழிச்சாட்டியத்தில், “இந்த ஒரு தடவதான். கெடைக்கலன்னா ஆவணியில கல்யாணம்” என்று இறங்கி வந்து, தானே அழைத்துப் போகவும் கிளம்பியிருந்தார். அம்மா அந்தப் பக்கமும் பேசவில்லை, இந்தப் பக்கமும் பேசவில்லை. புளிசாதம் கட்டிக் கொடுத்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு வழியனுப்ப வந்தாள்.

ரயில் வந்தது, நின்றது. ஆனால் கிளம்பவில்லை.

டிரைவர் கீழே இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டார். முந்தின ஸ்டேஷனில் பம்பு கெட்டு இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க முடியவில்லையாம். தொட்டியில் அடிமண்டிதான் மிச்சம். “தண்ணியில்லாம ஓட்டுனா பாய்லரு வெடிச்சிரும். நெருப்ப எறக்கிட்டு இங்கயே கெடக்க வேண்டியதுதான்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்ஜின் நாள் முழுக்க எங்கள் ஊரிலேயே இருக்கப் போகிறது! பிளாட்பாரத்தில் குதித்துக் குதித்து ஆடினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது.

ரயில் பாதையை ஒட்டியே வாய்க்கால். ஆனால் அது குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். ஆற்றில் தண்ணீர் குறைவு, அதனால் ஊரில் முறை வைத்துத்தான் பாய்ச்சினார்கள். அன்றைக்கு எங்கள் முறை. வந்த கொஞ்சத் தண்ணீரும் எங்கள் நாற்றங்கால் மடைக்குள் போய்விட, அதற்குக் கீழே இன்ஜின் நின்ற இடத்தில் வெறும் சேறு. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவனுடைய முறைத் தண்ணீரைக் கேட்பது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் இலையில் கை வைப்பது மாதிரி. டிரைவரும் நம் பக்கத்து ஆள் போலிருக்கிறது. “உங்க முறைங்களா? செத்த நேரம் விட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்” என்று பணிவாகத்தான் கேட்டார்.

“நாத்து காயுதுங்க” என்றார் அப்பா. அக்காவின் ஜன்னல் பக்கம் திரும்பி, “சகுனமே சரியில்ல. எறங்கு பாப்பா, வீட்டுக்குப் போவோம்.” அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகினாள். விறுவிறுவென்று கரையிறங்கிப் போய், வரப்பில் கிடந்த அப்பாவின் மண்வெட்டியை எடுத்தாள். எங்கள் ஊரில் பெண்கள் நாற்றுப் பறிப்பார்கள், நடுவார்கள், அறுப்பார்கள். மடையில் கை வைக்க மாட்டார்கள், அது ஆம்பிளை வேலை. அம்மா நாலு வெட்டு மண்ணெடுத்துப் போட்டு எங்கள் மடையை அடைத்தாள்.

“ஏய், என்ன பண்ற நீ!” என்று அப்பா கத்தினார்.

அம்மா நிமிரவே இல்லை. “பள்ளிக்கூடத்த விட்டு நின்னது என்னோட போவட்டுங்க” என்றாள்.

நான் அதையெல்லாம் எங்கே காதில் வாங்கினேன்? தண்ணீர் இன்ஜினைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது! அதோடு நானும் ஓடினேன்.

அப்புறம் நடந்தது ஒரு திருவிழா. குடம், தவலை, வாளி என்று கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஊரே வந்துவிட்டது. வாய்க்காலிலிருந்து இன்ஜின் வரைக்கும் கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் போயிற்று. அதுவரை ரயில்வேயைத் திட்டித் தீர்த்த உப்பு வியாபாரி, வெள்ளை வேட்டியோடு முழங்கால் சேற்றில் நின்று மொண்டு கொடுத்தார். பயர்மேன் தொட்டியின் வாயில் தன் துண்டை விரித்துக் கட்டி வடிகட்டினார். துண்டு நிறைய அயிரை மீன் துள்ளியது. “விட்டா பாய்லர்லயே மீன் கொழம்பு வச்சிரலாம்” என்று அவர் கத்த, ஒரே சிரிப்பு. நானும் ஒரு சொம்போடு ஓடினேன். பாதி என் பாவாடைக்குத்தான் போயிற்று.

“போதும், போதும், திருவாரூர் வரைக்கும் தாங்கும்!” என்று டிரைவர் கை தட்டினார். என்னை அலாக்காக மேலே தூக்கி, விசில் கம்பியைக் கையில் கொடுத்தார். இழுத்தேன். கூ என்று அது போட்ட சத்தத்தில் தென்னமரத்துக் காக்காயெல்லாம் பறந்து போயின. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

அத்தனை பேர் ஊற்றிய பிறகு அப்பாவால் மறுக்க முடியுமா? ஏறி உட்கார்ந்தார். “மடையத் தொறந்து வுடு! நாத்து காயுது, தொறந்து வுடு!” என்று வளைவு வரைக்கும் ஜன்னல் வழியே கத்திக்கொண்டே போனார். அக்கா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இடமும் கிடைத்தது. ரிட்டயர் ஆகும் வரைக்கும் டீச்சராகவே இருந்தாள்.

ஜனங்கள் கலைந்த பிறகு அம்மாவைத் தேடினேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, சேறு காயாத கையோடு, மடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ரயில் போன திசையில் புகை கலைந்தும் அவள் பார்வை அங்கேயே இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. எனக்குப் பாவமாகிவிட்டது. அது போகும்போது எனக்கும் தினமும் அப்படித்தானே இருக்கிறது! அம்மாவுக்கும் இன்ஜின் மேல் இவ்வளவு ஆசை என்று எனக்கு அதுவரை தெரியாமல் போயிற்றே!

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “அழுவாதம்மா. நாளைக்கும் இதே இன்ஜின்தான் வரும்.”