தாளின் பின்பக்கத்து முடிச்சுகள்

உப்பளத்து நபீசாவுக்கு ஊசி பிடிக்கத் தெரியும் என்பதற்காகத்தான் பத்தொன்பது வருடங்களுக்கு முன் அந்தத் தாவர ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. காட்டில் பறித்து, அழுத்தி, காயவைத்த செடிகளைக் கெட்டியான வெள்ளைத் தாளில் நூலால் தைத்து நிறுத்த வேண்டும். அதுவரை ஷஃபீக் தையல்கடையில் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள், முதல் நாளே ஒரு வேலங்கிளையை முள் ஒன்றுகூட உடையாமல் தைத்துக் காட்டினாள். தினக்கூலி என்றார்கள். இன்றும் தினக்கூலிதான். உலகத்து உயிரினங்களையெல்லாம் காப்பாற்றும் மும்முரத்தில் ஒரு மனுஷியை நிரந்தரமாக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கடையிலிருந்து ஒரு பழக்கத்தையும் அவள் கொண்டுவந்திருந்தாள். ஒரே வீட்டுத் துணிகள் கலந்துபோகாமலிருக்க, ஷஃபீக் கடையில் எல்லாவற்றின் முனையிலும் ஒரே நிற நூலால் முடிச்சுப் போடுவார்கள். இங்கேயும் ஒரே நாளில் பறித்த செடிகளுக்கு ஒரே நிறம். முன்பக்கம் பார்த்தால் தையல் எல்லாம் வெள்ளை. பின்பக்கத்தில், முடிச்சோடு சேர்த்து ஒரு நிற நூல் துண்டு. எந்த நிறம் எந்தத் தேதி என்பது அவள் நோட்டில் இருக்கும். இது யாருக்கும் தெரியாது. தாளைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் அங்கிருந்த எந்த முனைவருக்கும் இல்லை.

ஆறாயிரம் தாள்கள் தைத்திருப்பாள். ஆறாயிரம் செடிகளை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தவளுக்குச் செடி தெரியாமல் இருக்குமா? ஆய்வு மாணவி சிவசங்கரி, சந்தேகம் வந்தால் புத்தகத்துக்கு முன்னால் நபீசாவிடம்தான் வருவாள். ஆனால் தன் கட்டுரை எதிலும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. நல்ல பெண்தான். நல்லவர்களுக்கு இந்த மறதி மட்டும் உண்டு.

இயக்குநர் செல்வகுமார் வேறு ரகம். ராகுகாலத்தில் நுண்ணோக்கியைத் தொடமாட்டார். தவளக்குப்பம் தாண்டி ஒரு கோயில் காட்டில் பிப்ரவரி மாதம் ஒரு மரத்தில் பூங்கிளை பறித்தார். புது இனமாக இருக்கும் என்று ஆசை வந்துவிட்டது. புது இனம் என்று அறிவிக்கப் பழமும் வேண்டும். ஆகஸ்டில் மறுபடி போனார். வெயில் கடுமை என்று ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, "அந்த மரத்துல தொங்குறத பறிச்சிட்டு வாய்யா" என்று ஓட்டுநர் கண்ணையனை அனுப்பினார். கண்ணையன் தொங்கியதைப் பறித்து வந்தார். மரத்தின்மேல் ஒரு கொடியும் படர்ந்திருந்ததே என்று அவரை யாரும் கேட்கவில்லை.

இரண்டையும் ஒரே தாளில் தைக்கச் சொன்னபோது நபீசா ஊசியைக் கீழே வைத்தாள்.

"சார், இது வேற சார். பூங்கிளையில எல எதிரெதிரா இருக்கு. பழம் இருக்குற குச்சியில எல உழுந்த தழும்பு மாறி மாறி இருக்கு. இதோ, கொடி சுத்திப் புடிக்கிற பத்துக்கம்பிகூட ஒட்டிக்கினு இருக்கு பாருங்க."

"நபீசாம்மா எப்ப டாக்டர் பட்டம் வாங்குனீங்க? எங்களுக்குச் சொல்லவேயில்ல."

"வேற வேற நாள்ல பறிச்சத ஒரே தாள்ல வைக்கக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"ரவிக்க தைக்கிறாப்ல தெச்சிட்டுப் போம்மா. வெள்ளிக்கெழம பத்தரைக்குள்ள முடியணும். அப்புறம் ராகுகாலம்."

அவள் அசையாததைப் பார்த்து, தாளின் ஓரத்தில் 'இரண்டும் ஒரே மரம். சேர்த்துத் தைக்கவும்' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் தைத்தாள். பின்பக்கத்தில் பூவுக்குச் சிவப்பு, பழத்துக்கு நீலம்.

புது இனத்துக்கு இயக்குநர் தன் மாமனார் பெயரை வைத்தார். செய்தித்தாளில் படம் வந்தது. அந்தத் தாள் இருந்த அலமாரிக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். தண்ணீர் தெறித்த தாள்களை நபீசா துடைத்து வைத்தாள்.

நான்கு மாதம் கழித்து, அந்தத் தாவரக் குடும்பத்துச் செடிகளையே ஆயுள் முழுக்கப் பார்த்தவர் ஒருவர் பிரான்சிலிருந்து வந்தார். லென்ஸ் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தார். இது இரண்டு செடி என்றார். ஓரத்துக் குறிப்பைப் படிக்க அவருக்குத் தமிழ் தெரியாது. தையல்காரியின் கவனக்குறைவு என்று செல்வகுமார் சொன்னதை நம்பிப் போய்விட்டார்.

மறுநாள் நபீசாவுக்கு ஓலை வந்தது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். கூடவே, 'என் தவறுதான்' என்று தட்டச்சு செய்த ஒரு கடிதம். கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். மகள் அரீபாவுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி.

"போட்டுடுங்கக்கா. அவருக்கு ஒன்னும் ஆவாது. உங்க வேலதான் போவும்" என்றாள் சிவசங்கரி.

"அன்னிக்கி அவரு சொன்னப்ப நீ எதிர்லதான உக்காந்திருந்த?"

சிவசங்கரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

அந்தத் துறையில் ஒரு விதி உண்டு. ஒரு தாளில் சேர்ந்துவிட்ட குறிப்புச் சீட்டை யாரும் எடுக்கக்கூடாது. தப்பான சீட்டானாலும் பின்னால் வருகிறவர்கள் பார்ப்பதற்காக அங்கேயே இருக்க வேண்டும். செல்வகுமார் கையெழுத்தோடு அந்த விதி சுவரிலேயே தொங்குகிறது.

மூன்றாம் நாள் நபீசா ஒரு கெட்டிச் சீட்டில் எழுதினாள்: 'பூ பிப்ரவரி 11, சிவப்பு முடிச்சு. பழம் ஆகஸ்ட் 20, நீல முடிச்சு. தாளைத் திருப்பிப் பார்க்கவும். இரண்டும் வேறு என்று தைக்கும் முன்பே சொன்னேன். சேர்க்கச் சொன்னவர் எழுத்து ஓரத்தில் இருக்கிறது. தைத்தவள், நபீசா.' அதை அதே தாளில் எட்டுத் தையல் போட்டுத் தைத்தாள். இந்த முறை முன்பக்கமும் கறுப்பு நூல். தாளைச் சிவசங்கரி தன் மேசைக்கு வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்த பிறகும், நபீசா மீதி நூலை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?" செல்வகுமார் வாசலில் நின்றார்.

"வெளக்கம் கேட்டீங்களே சார். குடுத்துட்டேன்."

"மொதல்ல அதப் பிரி."

"பிரிக்கக்கூடாது சார்." சுவரைக் காட்டினாள்.

அவர் தாளைப் பிடுங்கித் திருப்பினார். சிவப்பும் நீலமும் அவரைப் பார்த்தன. கத்தரிக்கோலைத் தேடினார்.

"ஸ்கேன் ஆயிடுச்சு சார்," என்றாள் சிவசங்கரி, கணினியிலிருந்து தலையைத் தூக்காமல். "இப்பதான் அந்த பிரான்ஸ்காரருக்கும் மத்த வெளியூர்க்காரங்களுக்கும் போச்சு. கீழ இங்கிலீஷ்லயும் எழுதிட்டேன்."

அடுத்த மாதம் தினக்கூலிப் பட்டியலில் நபீசாவின் பெயர் இல்லை. ஷஃபீக் கடையில் மறுபடி கொக்கி வைக்கிறாள். செல்வகுமார் இன்னும் இயக்குநர்தான். சட்டை தைக்கக் கொடுக்க வந்த கண்ணையன்தான் சொன்னார்: அவர் இப்போதெல்லாம் எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும், முதலில் திருப்பிப் பார்க்கிறாராம்.