புதன்கிழமை மாப்பிள்ளை

போன வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து என் தங்கை ஸ்டெல்லா போன் செய்தாள். சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி... எதுவும் கிடையாது.

“அண்ணா, டிவிய போடுங்க. உங்காளு வந்திருக்காரு! அதுவும் நீங்க பாதியில வுட்ட கதை!”

என் ஆள் என்றால், பத்து வருஷத்துக்கு முன்னால் புதன்கிழமைதோறும் வந்த இந்தித் தொடரின் துப்பறிவாளர். கேபிள்காரர்கள் இப்போது அதைத் தூசி தட்டி மறுபடியும் போடுகிறார்கள். ஓடிப்போய் போட்டேன். அதே கசங்கிய ஜிப்பா, அதே தோள்பை. அவருக்கு வயசே ஆகவில்லை. எனக்குத்தான் கண்ணாடி ஏறியிருக்கிறது.

துப்பறிவாளர்களில் எனக்குத் தனி ஆட்களைத்தான் பிடிக்கும். நாலு பேரோடு ஜீப்பில் வந்து இறங்குகிறவர்கள் எனக்கு ஆகாது. இந்த ஜிப்பாக்காரர் ஒருவர். ஆங்கிலத் தொடரில் கெந்திக் கெந்தி நடந்து வந்த முன்னாள் இன்ஸ்பெக்டர் இன்னொருவர். இருவரும் யாரிடமும் யோசனை கேட்க மாட்டார்கள். கடைசி ஐந்து நிமிஷம் வரை வாயைத் திறக்க மாட்டார்கள். கண்டுபிடித்துவிட்டு, தனியாக நடந்து போய்விடுவார்கள்.

எங்கே போவார்கள்? யார் சமைத்துப் போடுவார்கள்? அதைவிடப் பெரிய சந்தேகம் — உளவு பார்க்கத் தெருமுனையில் அவ்வளவு நேரம் நிற்கிறார்களே, ‘யாரு வூட்டுக்கு வந்திருக்கீங்க?’ என்று ஒருத்தர்கூடவா கேட்க மாட்டார்? அது என்ன ஊர்?

இந்தச் சந்தேகம் எனக்குச் சும்மா வரவில்லை. பட்டுத்தான் வந்தது.

அப்போது நான் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் விற்பனையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவுக்கு சேத்தியாத்தோப்பு ரைஸ் மில் ஃபிட்டர் அந்தோணியைப் பேசி முடித்து, கோவிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. எங்கள் கல்யாணங்களில் அப்படி ஒரு வழக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஊரையே கேட்பார்.

அந்த வாரம் பார்த்து, சேத்தியாத்தோப்பிலிருந்து பொம்மை எடுக்க வந்த வியாபாரி ஒருவர், ஒரு பிள்ளையாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே மாப்பிள்ளை மேல் ஒரு சந்தேகத்தைப் பற்ற வைத்தார்.

“தங்கமான புள்ளைங்க. குடி கெடையாது, பீடி கெடையாது. ஆனா புதன்கெழம சாயங்காலம் ஆனா ஆளு எங்க போறாருன்னே தெரியலீங்க. வூட்ல ஓவர்டைம்னு சொல்றாராம். மில்லுல கேட்டா, அப்பவே கெளம்பிட்டாருங்கறாங்க.”

அப்பா இல்லாத பெண். நான் பார்த்த இடம். நாளைக்கு அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றால் நான் என்ன பதில் சொல்வேன்? மூன்றாம் ஓலைக்குள் விஷயம் தெரிந்தாக வேண்டும். விபரீதமாக இருந்தால் கல்யாணத்தை நிறுத்த வேண்டும்.

மாமாவை அனுப்பலாமா? சாமியாரிடம் சொல்லலாமா? ம்ஹூம். என் ஜிப்பாக்காரர் யாரையாவது கேட்பாரா என்ன?

புதன்கிழமை கம்பெனிக்கு லீவு சொன்னேன். அன்றைய தொடரைத் தங்கைக்காகத் தியாகம் செய்தேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சேத்தியாத்தோப்பில் மில்லுக்கு எதிரே ஒரு டீக்கடை. பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீ மாஸ்டர் கிளாஸை வைத்துவிட்டுப் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“விருத்தாசலங்களா?”

“ஏன் கேக்கறீங்க?”

“பொண்ணோட அண்ணன்தானே? மாப்ள இப்ப வந்துடுவாரு. கூப்புடட்டுங்களா?”

வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குள் பெஞ்சில் இருந்த பெரியவர், “வெயிலுதான் எறங்கிடுச்சே, கண்ணாடி எதுக்கு? கண்ணு வலிங்களா?” என்றார். கண் வலிக்கு என்ன போட வேண்டும் என்று கடையே விவாதிக்கத் தொடங்கியது.

நல்லவேளை, அந்தோணி சைக்கிளில் வந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் திரும்பினார். நான் எட்டி நடந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் சைக்கிளை நிறுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று உள்ளே போனார்.

பாவி... யார் வீடு இது?

வாசலில் நின்று காதைத் தீட்டினேன். ஏதோ பேச்சுக் குரல். பிறகு ஒரு பெண் வீல் என்று அலறினாள்.

பாய்ந்து உள்ளே போனேன்.

கூடத்தில் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே டிவி. அதில் அலறியவள் மயங்கிக் கிடந்தாள். பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் — என் ஜிப்பாக்காரர்.

“உஷ்! மறைக்காதீங்க, ஒக்காருங்க!” என்றது கூட்டம்.

புதன்கிழமை சாயங்காலம் ஆனால் விருத்தாசலத்தில் நானும்தானே எதிர் வீட்டு டிவி முன்னால் காணாமல் போகிறேன்? இது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

அந்தோணி பதறி எழுந்தார். “மச்சான்! வாங்க, வாங்க...” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இது ஜெபமால நேரம். டிவி பாக்கப் போறேன்னு சொன்னா வூட்ட ரெண்டாக்கிடுவாங்க” என்றார்.

மச்சான் வந்திருக்கும்போது டிவி பார்ப்பது மரியாதை இல்லையே! என்னை அழைத்துப்போய் காபி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். கொலைகாரன் யார் என்பது அவருக்கும் தெரியாமல் போனது, எனக்கும் தெரியாமல் போனது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

“எனக்குத் தெரியுமே. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அவரு எங்கிட்ட மொதல்ல கேட்டதே, புதன்கெழம சீரியல் பாப்பீங்களான்னுதான். அம்மாக்குத் தெரியாம போய்ப் பாக்கறதயும் சொன்னாரு. என்னய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?”

சுருக்கென்றது. வியாபாரியின் வார்த்தையை நம்பினேன். டீக்கடையில் உளவு பார்த்தேன். சாமியார் ஊரையே கேட்டார். கட்டிக்கொண்டு வாழப்போகிறவளை மட்டும், மாப்பிள்ளையைத் தவிர ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. நம் வீடுகளில் அது ஒரு வழக்கமாகவே இல்லையே, ஏன்?

அன்று எதிர் வீட்டில் அவள் கதையைக் கடைசி வரை பார்த்திருந்தாள். யார் கொலைகாரன் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. நானே கண்டுபிடிப்பேன் என்ற வீம்பு. பாதிக் கதையை வைத்துக்கொண்டு, அலறியவள் பக்கத்தில் நின்ற டிரைவர் மேல் பத்து வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம் மட்டும் மூன்று ஓலையும் முடிந்து நல்லபடியாக நடந்தது.

போன வாரம் அந்தக் கதைதான் ஓடியது. ஜிப்பாக்காரர் எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். விரலை உயர்த்தினார்...

கரண்ட் போய்விட்டது!

இருட்டில் கரண்ட் வருமா என்று பார்த்தேன். வீம்பு பிடித்தது போதும் என்று தோன்றியது. தடவித் தடவி போனை எடுத்தேன்.

“ஸ்டெல்லா... கொல பண்ணது யாரும்மா?”

மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

“இதக் கேக்க பத்து வருஷமாண்ணா? இவரு கல்யாணத்தன்னிக்கே கேட்டுட்டாரு!”