வாய்க்காலைத் தாண்டிய பந்து

கோல்கீப்பர் வேலை பார்ப்பவனுக்கு ஒரு சாபம் உண்டு. பிடித்த பந்தையெல்லாம் அன்றைக்கே மறந்துவிடுவார்கள். விட்ட பந்தை மட்டும் பேரப்பிள்ளை காலம்வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்களும், பஸ் ஓட்டுகிறவர்களும், தினமும் சமைத்துப் போடுகிறவர்களும் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். நம் எல்லாருக்கும் ஒரே பிழைப்புதான்.

நான் சம்பளத்துக்குப் பந்து பிடிக்கிறவன். கிளப் வெளி மாநிலத்தில். வீடு எண்ணூர்ப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய தெருவில். சீசன் நடுவில் சின்ன லீவு கிடைத்ததே என்று அம்மா கையால் மீன் குழம்பு சாப்பிட ஆசையாக ஊருக்கு வந்தேன். பின்னாலேயே புயலும் வந்தது. எங்கள் ஜனத்துக்குப் புயல் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை தண்ணீரோடு எங்கிருந்தோ எண்ணெயும் கலந்து வந்தது. கறுப்பாக, கெட்டியாக, மூக்கை அடைக்கிற நாற்றத்தோடு. வெள்ளம் பார்த்த வீடுகளில் இருப்பவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ மைதானங்களில் நின்றிருக்கிறேன். அந்த வாரம் எங்கள் தெருவில் நான் பார்த்த ஆட்டத்தை எங்கேயும் பார்த்ததில்லை.

மாடி ஏறிய தெரு

எங்கள் தெருவில் உயரமான வீடு ஹபீப் பாயுடையது. கீழே மருந்துக்கடை, மேலே குடித்தனம், அதற்கு மேலே மொட்டைமாடி. தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் பாய் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் வெட்கப்படவில்லை, யாரும் பிகு பண்ணவில்லை. மீன்பிடிக்கிற தேசப்பன் மாமா வலையையும் ஐஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஏறினார். பாய் வீட்டம்மா இருந்த பாயையெல்லாம் விரித்துவிட்டுத் தான் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

எங்கள் அம்மா கடைசியாக வந்தாள். டிவி, மிக்ஸி, என் கோப்பைகள், கழுத்தில் போட்ட மெடல்கள் எல்லாம் கீழே மிதந்துகொண்டிருக்க, அவள் தலையில் சுமந்து வந்தது குழம்புச் சட்டியை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் மெடலைவிட வஞ்சிரம் உசத்தியா என்று கேட்டேன். அன்றைக்கு மாடியில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சட்டியிலிருந்துதான் சாப்பிட்டோம் என்பது வேறு விஷயம். அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "மெடலுல எண்ணெ பட்டா கய்விக்கலாம். கொயம்புல பட்டா கய்வ முடியுமா?"

சாம்பார் சாதத்துக்கு மார்பு கொடுத்தவர்

அடுத்த நாள் மாதா கோயிலில் சமைத்த சாப்பாட்டுப் பொட்டலங்களை ஃபைபர் படகில் எங்கள் மாடி வரைக்கும் கொண்டுவந்தார்கள். அதற்கப்பால் சந்துகளுக்குள் படகு நுழையாது. பக்கத்து மாடிகளுக்குப் பொட்டலத்தை எறிந்தாக வேண்டும். யார் எறிவது என்று ஒரு நிமிஷம்கூட யாரும் யோசிக்கவில்லை, எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க வருவதைப் பிடித்துத் திருப்பி எறிவதுதானே என் வேலை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிர் மாடியில் குமார் அண்ணன் முறை வந்தது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். அந்தக் காலத்தில் எங்கள் ஏரியாவின் பெயர்பெற்ற ஃபார்வர்டு. பசியில் எங்கள் மாடியையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பொட்டலம் நெஞ்சுயரத்தில் வந்ததும் இரண்டு கைகளையும் அகலமாக விரித்தார், நெஞ்சை முன்னால் தள்ளினார், நெஞ்சிலேயே அழகாக அடக்கினார். பந்தாக இருந்தால் காலடியில் செத்து விழுந்திருக்கும். சாம்பார் சாதம் சட்டை முழுக்க வழிந்தது. எங்கள் பக்கத்தில் நடை பழகும்போதே பந்தையும் பழகிவிடுகிறோம், அதனால் வந்த வினை. அதிலிருந்து நான் எறியும்போதெல்லாம் ஹபீப் பாய் முன்கூட்டியே "கை, கை" என்று கத்த ஆரம்பித்தார். குமார் அண்ணன் மட்டும் நெஞ்சில் ஒட்டியிருந்த கத்தரிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா பண்றது பிரான்சிசு, கை வெச்சா ஹேண்ட்பாலுன்னு ஒடம்பே சொல்லிடுச்சி."

அக்கரையில் மேரியக்கா

சிரிப்பு அதோடு நின்றது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த மாடியிலிருந்து செல்வம் இரண்டு கைகளையும் ஆட்டிக் கூப்பிட்டான். செல்வம் யாரென்று சொல்லிவிடுகிறேன். கிரேன் வேலை செய்கிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஏரியா டீமுக்கு கோல்கீப்பர். ஒரு ஃபைனலில் உருண்டு வந்த பந்தைக் காலுக்கு நடுவில் விட்டுவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குப் பேர் கேட்டு செல்வம். எப்போதும் திறந்தே கிடக்கிற கேட்டாம். அவனை அப்படி அதிகம் கூப்பிடுவது அவன் மனைவி மேரியக்காதான்.

மேரியக்காவுக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் போட்டாக வேண்டும். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மருந்தோடு சேர்ந்து எண்ணெய்த் தண்ணீரில் கவிழ்ந்துவிட்டது. ஊசி போட்டு ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது, வாந்தி எடுக்கிறாள், கூப்பிட்டால் பாதிக் கண்தான் திறக்கிறாள் என்று செல்வம் கத்திச் சொன்னான். பாய்க்கு முகம் மாறிவிட்டது. அவர் கடையிலிருந்து காப்பாற்றியதில் ஒரே ஒரு இன்சுலின் குப்பி இருந்தது. தேசப்பன் மாமாவின் மீன் ஐஸ் பெட்டிக்குள் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. ஊசியும் இருந்தது. நடுவில்தான் வாய்க்கால் ஓடியது. நடைபாலம் தண்ணீருக்குள். சாய்ந்த கரண்ட் கம்பங்கள் வாய்க்காலை அடைத்துக்கொண்டிருந்ததால் படகும் வர முடியாது. கம்பங்களை நகர்த்திவிட்டுச் சாயங்காலத்துக்குள் வருகிறோம் என்று படகுக்காரர்கள் போனில் சொன்னார்கள். நான் நீந்திப் போகிறேன் என்று சட்டையைக் கழற்றினேன். தேசப்பன் மாமா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். கண்ணில் எண்ணெய் போனால் கரை எதென்று தெரியாது, ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேரைத் தேடவைக்காதே என்றார். சாயங்காலம்வரை தாங்குமா என்று பாயிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அக்கரையையே பார்த்தபடி சொன்னார்: "தாங்குமான்னு கேக்காதே தம்பி, எறிவியான்னு நான் கேக்குறேன்."

வலை ஊசித் தையல்

வெறும் பொட்டலம் அவ்வளவு தூரம் போகாது, காற்று தள்ளிவிடும். என் கைக்குப் பழகியது பந்துதான். மாடியில் கிடந்த பழைய பந்து ஒன்றைக் கத்தியால் கீறினோம். உள்ளே பாய் வீட்டுத் தலையணைப் பஞ்சு, நடுவில் துணி சுற்றிய குப்பி, ஊசி, மறுபடியும் பஞ்சு. யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. பாய் குப்பியைச் சுற்றினார், அம்மா பஞ்சை அடைத்தாள், தேசப்பன் மாமா வலை பின்னுகிற ஊசியை எடுத்து நைலான் நூலால் வாயைத் தைத்தார். நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். என் கிளப்பில் இப்படி ஒரு டிஃபென்ஸ் அமைந்ததே இல்லை.

தவறினால் இழுத்துக்கொள்ளலாம் என்று முதலில் வேறொரு பந்தில் கயிறு கட்டி எறிந்து பார்த்தோம். நடுவில் தொங்கிய கேபிள் ஒயரில் கயிறு சிக்கிக்கொண்டு, பந்து வாய்க்காலுக்கு மேலே தொங்கியது. ஆக, கயிறு கிடையாது. குப்பி ஒன்றுதான், வாய்ப்பும் ஒன்றுதான். தையல் பிரிந்துவிடுமோ என்று நான் நூலை இழுத்து இழுத்துப் பார்த்தேன். தேசப்பன் மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. பந்தை என் கையிலிருந்து வாங்கி, இன்னொரு முடிச்சும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்: "மீனு வெளிய போவாம தச்ச கை இது, மருந்து எங்க போயிடும்? நீ உன் வேலய பாரு."

கேட்டு மூடிய நேரம்

இப்போது பிடிக்கிறவனைப் பற்றிய கவலை. அந்த மாடியில் எல்லார் கையிலும் எண்ணெய். கைப்பிடிச் சுவரெல்லாம் எண்ணெய். குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் எதை வைத்துக் கழுவுவது? வெறும் கையில் வந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். என் பையில் மேட்சுக்குப் போடுகிற கிளவுஸ் இருந்தது. கீப்பர்கள் கிளவுஸை யாருக்கும் தரமாட்டோம். கூடப்பிறந்தவன் கேட்டாலும் பழையதைத்தான் கொடுப்போம். அதை ஒரு சாக்ஸுக்குள், எடைக்கு ஒரு உருளைக்கிழங்கோடு திணித்து முதலில் எறிந்தேன். மாடியில் போய் விழுந்தது.

செல்வம் கிளவுஸை மாட்டினான். உள்ளங்கையில் எச்சில் துப்பி இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டான். பிடிமானத்துக்காக நாங்கள் எல்லாரும் செய்கிறதுதான். முழங்காலை லேசாக மடக்கினான், கால்களைச் சேர்த்து நின்றான். அக்கரை மாடியில் இருந்தவர்கள் தாங்களாகவே விலகி அவனுக்கு இடம் விட்டார்கள். பாய் "கை, கை" என்று கத்தினார். நான் எறிந்தேன்.

கொஞ்சம் வலப்பக்கம் போய்விட்டது. காற்றோ, என் பயமோ தெரியவில்லை. செல்வம் பாய்ந்தான். சுவரைத் தாண்டிப் போக இருந்த பந்தை எட்டி, இரண்டு கைகளாலும் வாரி, வயிற்றோடு அணைத்து, மாடித் தரையில் விழுந்தான். நான் மெய்மறந்து நின்றேன். சம்பளம் வாங்குகிற எத்தனை பேர் அதைப் பிடித்திருப்பார்கள்? நான் பிடித்திருப்பேனா? செல்வம் எழுந்திருக்கவில்லை. அடிபட்டுவிட்டதோ, குப்பி உடைந்துவிட்டதோ என்று பதறினோம். ஒன்றும் இல்லை. தன் டீம் லீடிங்கில் இருக்கும்போது கீப்பர் பந்தின் மேல் படுத்துக்கொண்டு விசிலுக்குக் காத்திருப்பான் அல்லவா, பழக்க தோஷத்தில் அப்படியே படுத்துக் கிடந்தான். சுவரில் சாய்ந்து பாதிக் கண் மூடியிருந்த மேரியக்கா மெதுவாகத் தலையைத் திருப்பி என்ன சொன்னாள் என்று அங்கே நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். கேட்டு என்று சொல்லாமல் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாம்: "செல்வம், டைம் வேஸ்ட் பண்ணாத. ஊசிய போடு."

கிளவுஸ் போன இடம்

குப்பி உடையவில்லை. இருட்டுவதற்கு முன் படகு வந்து மேரியக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. முதல் ஊசி அந்நேரத்துக்குப் போட்டதால்தான் பிழைத்தாள் என்று டாக்டர் சொன்னதாகச் செல்வம் சொன்னான். சொல்லும்போது அழுதான், கேட்கும்போது நானும் அழுதேன்.

தண்ணீர் வடிந்த பிறகு கிளப்புக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்றேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. கூட ஆடுகிற பையன்கள் ஒரு வண்டி நிறையப் போர்வையும் அரிசியும் அனுப்பினார்கள். நான் எங்கள் ஜனத்தோடு சாக்கை வைத்துப் படகுகளில் எண்ணெய் துடைத்தேன். வலைகள் பாதிக்கு மேல் வீண். தேசப்பன் மாமா மட்டும் ஒன்றும் நடக்காதவர் மாதிரி உட்கார்ந்து புது வலை பின்ன ஆரம்பித்தார். இந்த மனிதர்களுக்கு நடுவில் பிறந்ததற்கு நான் என்ன கொடுத்துவைத்தேனோ, தெரியவில்லை.

கிளம்புகிற அன்று செல்வம் கிளவுஸைத் துவைத்து எடுத்துக்கொண்டு வந்தான். மேரியக்காவும் மெலிந்த உடம்போடு கூடவே வந்திருந்தாள். ஒரு கீப்பர் கிளவுஸை இன்னொரு கீப்பர் வைத்துக்கொள்ளக் கூடாது, முறை இல்லை என்று நீட்டினான். கொடுக்கவும் மனசில்லை, விரல் விடவில்லை. மேரியக்கா கையை நீட்டி அதை அவன் பக்கமே தள்ளினாள்: "வேணாம் பிரான்சிசு, நீ வேற வாங்கிக்க. இந்த மனுசன் அத தலகாணிக்கு அடில வெச்சிக்கினு தூங்குது."

இவ்வளவு வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து பிடித்திருக்கிறேன், என் கிளவுஸ் பிடித்ததிலேயே உசத்தியான பந்தை மட்டும் நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தேன்.